மத்தியானத் தூக்கம் போகும் காலம்

மணி இரண்டே கால். திரையை இழுத்துவிட்டாயிற்று, விளக்கை அணைத்தாயிற்று. மூன்றே கால் வயது மகளைப் பக்கத்தில் படுக்கப்போட்டு முதுகில் தட்டிக்கொண்டிருக்கிறேன். முதல் பத்து நிமிடம் கால் ஆடுகிறது. அப்புறம் கை. அப்புறம், சுவரில் விழுந்திருக்கும் வெளிச்சக்கோடு ஏன் அசைகிறது என்று ஒரு கேள்வி. "கண்ணை மூடு" என்கிறேன். மூடுகிறாள். ஆனால் இமை துடிக்கிறது; உள்ளே முழுசாக விழித்திருக்கிறாள். தட்டுகிற கை மெல்ல மெல்லத் தளர்கிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு குட்டி விரல் என் இமையைப் பிடித்து மேலே தூக்குகிறது.

"அப்பா, தூங்கிட்டியா?"

ஆமாம், தூங்கித்தான் போயிருந்தேன். அவள்தான் தூங்கவில்லை.

மூன்று வாரமாக இதே கதை. தினமும் இதே கதையாக இருந்தாலும் பரவாயில்லை, அதுவும் இல்லை. திங்கட்கிழமை ஒன்றரை மணி நேரம் படுக்கையில் உருண்டுவிட்டு எழுந்து ஓடியவள், செவ்வாய்க்கிழமை தலையணையில் தலை படுவதற்குள் தூங்கிவிட்டாள். புதன்கிழமை தூங்கவில்லை. மாலை ஐந்தரைக்குப் பார்த்தால், ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொரு செருப்பைக் கையில் பிடித்தபடி, கதவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். எழுப்பினால் அழுகை. விட்டுவைத்தால் இரவு பதினொன்று வரை ஆட்டம். யாரிடம் கேட்டாலும் ஆளுக்கொரு பதில். அதட்டிப் படுக்கவை, இல்லாவிட்டால் பழக்கம் விட்டுப்போகும் என்று ஒரு கட்சி. தூக்கம் வராத பிள்ளையை ஏன் படுத்துகிறாய் என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சி சொல்வதும் பாதி சரி. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, அந்தச் சின்னத் தலைக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் வயது. பிறந்த குழந்தைக்கு இரவும் பகலும் ஒன்றுதான். துண்டு துண்டாகத் தூங்கும். மாதங்கள் போகப் போக இரவுத் துண்டுகள் ஒட்டிக்கொள்கின்றன, பகல் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. ஒன்றரை வயதுவாக்கில் பெரும்பாலான குழந்தைகளிடம் மிஞ்சுவது ஒரே ஒரு பகல் தூக்கம், மத்தியானத்தில். அது எப்போது போகும்? 2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, பிறப்பு முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளைப் பற்றிய பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து வைத்து இதைக் கணக்கிட்டது. இரண்டு வயதுக்கு முன்பே பகல் தூக்கத்தை விட்டவர்கள் நூற்றுக்கு 2.5 பேருக்கும் குறைவு. ஐந்து வயதுக்குள் விட்டவர்கள் 94 பேர். அதாவது, கிட்டத்தட்ட எல்லோரும் விடுவது இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில். மூன்று வருட இடைவெளி. நாலு வயதுப் பிள்ளைக்கு அது அதன் வாழ்நாளில் முக்கால்வாசி. ஆகவே "அவர்கள் வீட்டுப் பிள்ளை இன்னும் இரண்டு மணி நேரம் தூங்குகிறதாமே" என்ற ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை. இரண்டரையில் நிறுத்திய பிள்ளையும் நாலரையில் நிறுத்திய பிள்ளையும் ஒரே மாதிரி ஆரோக்கியமாக இருக்கலாம்.

தூக்கம் எப்படி வருகிறது என்பதற்கு இன்றும் எல்லோரும் எடுத்து வைக்கும் அடிப்படை விளக்கம், சூரிச் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் முன்வைத்தது. தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன என்றார் அவர். ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம். இரண்டாவது, நாம் விழித்திருந்தோமா தூங்கினோமா என்று பார்க்காமல் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும் உடல் கடிகாரம். மூளைக்குள் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில், சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சு இந்தக் கடிகாரத்தை ஓட்டுகிறது. அழுத்தத்தின் பக்கம் பார்த்தால், விழித்திருக்கும் நேரத்தில் மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருளுக்கு அதில் முக்கியப் பங்கு. பெரியவர்களுக்குக் காபி குடித்தால் தூக்கம் தள்ளிப்போவது இதனால்தான்: காபீன் போய் அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அழுத்தம் குறையவில்லை, அது தெரியாமல் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான்.

தூக்க அழுத்தத்தைக் குழாயடியில் வைத்த பாத்திரம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஒரு வயதுப் பிள்ளைக்குப் பாத்திரம் சின்னது, நாலைந்து மணி நேரத்தில் நிரம்பி வழிகிறது. அப்போதே கொட்டிக் காலி செய்ய வேண்டும். அதுதான் பகல் தூக்கம். வளர வளரப் பாத்திரம் பெரிதாகிறது. ஐந்து வயதில் காலையில் வைத்த பாத்திரம் இரவு வரை தாங்குகிறது. மூன்று, மூன்றரை வயதில்? சில நாள் மத்தியானமே நிரம்பிவிடும், சில நாள் நிரம்பாது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தாள், முந்தைய இரவு எப்படித் தூங்கினாள், எவ்வளவு ஓடினாள், மூக்கடைப்பு உண்டா என்பதையெல்லாம் பொறுத்தது அது. என் மகளின் திங்களும் செவ்வாயும் வேறுவேறாக இருந்ததில் அடமும் இல்லை, பழக்கக் கேடும் இல்லை. பாத்திரம் விளிம்பில் நிற்கும் காலம் அது.

பாத்திரம் ஏன் பெரிதாகிறது என்பதுதான் எனக்கு இதில் மிகச் சுவாரசியமான பகுதி. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ஸ்பென்சரும் அவரது குழுவும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் 40 பேர். படங்களைக் காட்டி, எந்தப் படம் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று நினைவு வைக்கும் விளையாட்டு. ஒரு நாள் விளையாடிய பிறகு மத்தியானம் தூங்கினார்கள், இன்னொரு நாள் விழித்திருந்தார்கள். தூங்கிய நாளில் படங்களின் இடம் நன்றாக நினைவிருந்தது. விழித்திருந்த நாளில் மறந்தது, அன்று இரவு முழுக்கத் தூங்கி எழுந்த பிறகும் திரும்பி வரவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, இந்தப் பலன் அதிகம் தெரிந்தது வழக்கமாக மத்தியானம் தூங்கும் பிள்ளைகளிடம். ஏற்கெனவே தூக்கத்தை விட்டுவிட்ட பிள்ளைகள், தூங்காத நாளில் அவ்வளவாக இழக்கவில்லை.

இதை அடிப்படையாக வைத்து ஸ்பென்சரும், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் டிரேசி ரிக்கின்ஸும் 2022-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். அன்றன்று நடந்ததைத் தற்காலிகமாகப் பிடித்து வைப்பது மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. சின்னப் பிள்ளைகளுக்கு அது இன்னும் முதிரவில்லை. காலையில் பார்த்தது, கேட்டது, தொட்டது எல்லாம் சேர்ந்து மத்தியானத்துக்குள் அங்கே நெருக்கடி. தூங்கினால்தான் அவை வேறு இடத்துக்கு நகர்ந்து இடம் காலியாகும். அந்தப் பகுதி முதிர்ந்து திறமையாக வேலை செய்யத் தொடங்கிய பிறகு ஒரு நாள் சரக்கை இரவு வரை தாங்கும். அப்போது மத்தியானத் தூக்கத்தின் தேவை தானாகக் குறைகிறது. இது இன்னும் சோதித்துப் பார்க்கப்பட்டுவரும் கருத்துதான். ஆனால் வீட்டில் நடப்பதோடு பொருந்திப்போகிறது. தூக்கம் நிற்பதற்குக் காரணம் வயது என்ற எண் அல்ல, மூளையின் முதிர்ச்சி என்றால், இரண்டு பிள்ளைகள் ஒன்றரை வருட வித்தியாசத்தில் நிறுத்துவது ஏன் என்பதும் புரிகிறது.

சரி, தூக்கம் வேண்டியிருக்கிற வயதில் அது கிடைக்காமல் போனால்? கொலராடோ பல்கலைக்கழகத்தில் மோனிக் லெபூர்ஷுவாவின் ஆய்வுக்கூடத்திலிருந்து 2012-இல் வந்த ஒரு சின்ன ஆய்வு இதைத் தொட்டது. இரண்டரை முதல் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் படத்துண்டுகளைப் பொருத்தும் இரண்டு புதிர்கள் கொடுத்தார்கள். ஒன்று முடிக்கக்கூடியது. மற்றதில் வேண்டுமென்றே ஒரு துண்டு தப்பாக வைக்கப்பட்டிருந்தது, எப்படிப் பார்த்தாலும் முடியாது. மத்தியானம் தூங்காத நாளில், முடிக்கக்கூடிய புதிரை முடித்தபோது முகத்தில் சந்தோஷம் குறைவு. முடியாத புதிரில் கவலையும் எரிச்சலும் அதிகம். இது யாரும் எதிர்பார்ப்பதுதான். மூன்றாவதாக ஒன்று: முடியாத புதிரைப் பார்த்து "என்னது இது?" என்று குழம்பி விழிப்பதும் குறைந்திருந்தது. குழம்புவது நல்லது. ஏதோ சரியில்லை என்று உணர்ந்து யோசிக்கும் பிள்ளைதான் குழம்பும். தூக்கம் போதாத பிள்ளை யோசனைக்குப் போகாமல் நேரே அழுகைக்குப் போய்விடுகிறது. பத்துப் பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு, அதற்குரிய எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தூங்காத நாளின் மாலை நாலு மணிக்கு, கட்டைகளை அடுக்கும்போது ஒன்று சரிந்ததற்காக என் மகள் மொத்தத்தையும் உதைத்துத் தள்ளியதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் புதிர்தான் ஞாபகம் வந்தது.

மாலைக்கு வந்துவிட்டோம். இந்த விவகாரத்தில் நிஜமான போர்க்களம் மத்தியானம் இல்லை, மாலை ஐந்திலிருந்து எட்டுவரை.

மத்தியானம் தூங்காத பிள்ளை மாலையில் சோர்ந்து விழும் என்றுதான் கணக்குப் போடுவோம். நடப்பது வேறு. ஐந்து மணிக்குக் கண் சொக்குகிறது, சிணுங்குகிறது. ஆறரைக்கு மேல் என்ன மாயமோ, கட்டிலுக்குக் கட்டில் குதிக்கிறது. "தூக்கத்தைத் தாண்டிட்டா" என்று வீட்டில் சொல்வோமே, அதுதான். இதற்கும் கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய சில மணி நேரத்தில் தூங்குவதுதான் இருப்பதிலேயே கடினம் என்று பெரெட்ஸ் லவி என்ற ஆய்வாளர் 1986-இல் பெரியவர்களை வைத்துக் காட்டினார். நாள் முழுக்க ஏறிய அழுத்தத்தை எதிர்த்து, உடல் கடிகாரம் அந்த நேரத்தில் விழிப்பை முட்டுக்கொடுத்துத் தூக்கிப் பிடிக்கிறது. பிறகு, இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்க ஆரம்பித்ததும் அந்த முட்டு விலகுகிறது. பிள்ளைகளுக்கும் மெலடோனின் ஏறுவதற்கு முன்பே படுக்கையில் போட்டால் தூங்க வெகு நேரம் ஆகிறது என்று லெபூர்ஷுவாவின் குழு காட்டியிருக்கிறது. களைப்பு நிஜம், ஆட்டமும் நிஜம். இரண்டும் ஒரே பிள்ளைக்குள் ஒரே நேரத்தில் இருப்பதால்தான் அந்தக் கூச்சலும் அழுகையும்.

வெளிச்சம் இந்த இடத்தில் பெரிய வில்லன். பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகளைப் படுக்கைக்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான வெளிச்சத்தில் வைத்தபோது மெலடோனின் 88 சதவீத அளவுக்கு அடங்கிப்போனது என்று 2018-இல் அதே கொலராடோ குழு கண்டது. அவர்களின் கண்மணி பெரியவர்களுடையதைவிட அகலமாக விரிகிறது, கண்ணின் வில்லையும் தெளிவானது, உள்ளே போகும் வெளிச்சம் அதிகம். ஆறரைக்கு மேல் கூடத்து விளக்குகளில் பாதியை அணைத்ததுதான் நாங்கள் செய்த மாற்றங்களிலேயே செலவும் சண்டையும் இல்லாதது.

அப்புறம் அந்த ஐந்தரை மணிக் குட்டித்தூக்கம். வண்டியில் போகும்போது ஏழே ஏழு நிமிடம் கண்ணயர்ந்த பிள்ளை இரவு பத்தரை வரை விழித்திருப்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஏழு நிமிடத்துக்கா இவ்வளவு? தூக்க அழுத்தம் வடியும்போது சீராக வடிவதில்லை; ஆரம்பத்தில் வேகமாகவும் போகப் போக மெதுவாகவும் வடிகிறது. வழிந்துகொண்டிருந்த பாத்திரத்திலிருந்து நாலு குவளை மொண்டு கொட்டியது மாதிரி. காலியாகவில்லை, ஆனால் வழிவது நின்றுவிட்டது. சரியாக அதே நேரத்தில் கடிகாரம் விழிப்பைத் தூக்கிப் பிடிக்கத் தொடங்குகிறது. முடிந்தது கதை. மாலை நாலரைக்கு மேல் வண்டிப் பயணம் இருந்தால் நான் பின்னால் திரும்பித் திரும்பிப் பாட்டுப் பாடிக்கொண்டும், வெளியே போகும் எல்லாவற்றுக்கும் பெயர் கேட்டுக்கொண்டும் வருவேன். பார்ப்பவர்களுக்கு ரொம்பப் பாசமான அப்பாவாகத் தெரிந்திருக்கும்.

இப்போது நடைமுறைக் கேள்வி: நிறுத்தும் காலம் வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மத்தியானத்தை மட்டும் பார்த்தால் தெரியாது. இருபத்துநாலு மணி நேரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. ஒன்று முதல் இரண்டு வயதுக்கு 11 முதல் 14. இரண்டிலும் பகல் தூக்கமும் சேர்த்தி. 13 மணி நேரமும் இரவிலேயே கிடைத்தாலும் கணக்கு கணக்குதான்.

நான் ஒரு நோட்டை எடுத்து இரண்டு வாரம் எழுதினேன். எழுந்த நேரம், மத்தியானம் தூங்கியது, இரவு தூங்கிய நேரம் (படுத்த நேரம் அல்ல, தூங்கிய நேரம், இரண்டுக்கும் நடுவே எங்கள் வீட்டில் ஒரு மகாபாரதம் நடக்கும்), மாலை எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை. பதினாலு நாள் கழித்துப் பார்த்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மத்தியானம் 1 மணி 20 நிமிடம் தூங்கிய நாட்களில் இரவு ஒன்பது ஐம்பது வாக்கில் தூங்கி ஏழுக்கு எழுந்திருக்கிறாள். மொத்தம் பத்தரை மணி நேரம். தூங்காத நாட்களில் இரவு எட்டுக்குத் தூங்கி ஆறே முக்காலுக்கு எழுந்திருக்கிறாள். மொத்தம் பத்தே முக்கால். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் போராடி நான் அவளுக்கு வாங்கிக்கொடுத்த கூடுதல் தூக்கம் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் கீழே.

எல்லா வீட்டு நோட்டிலும் இப்படியே வரும் என்று சொல்லவில்லை. கூட்டினால் மொத்தம் பத்துக்குக் கீழே இறங்குகிறது, மாலைகள் வாரக்கணக்கில் நரகமாக இருக்கின்றன, விட்டால் எங்கு உட்கார்ந்தாலும் தூங்கிவிடுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்கு இன்னும் மத்தியானம் தேவை. குறிப்பாக இரண்டு வயதை ஒட்டி ஒரு பொய்யான நிறுத்தம் வரும். பேச்சு கொட்டுகிற வயது, "மாட்டேன்" என்ற சொல்லின் ருசி தெரிந்த வயது. இரண்டு மூன்று வாரம் மத்தியானம் தூங்க மறுக்கும், நாமும் முடிந்துபோச்சு என்று நினைத்து விட்டுவிடுவோம். அந்த வயதில் நிஜமாக நிறுத்துபவர்கள் எவ்வளவு குறைவு என்பதை மேலே பார்த்தோம். அப்போது வழக்கம்போலப் படுக்கவைத்துக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் தூக்கம் திரும்பி வரும். அதட்டிப் படுக்கவைக்கும் கட்சி சொல்வது சரியாக இருப்பது இந்த இடத்தில்தான், அதட்டலைக் கழித்துவிட்டு.

மூன்றைத் தாண்டிய பிறகு கட்டாயப்படுத்துவது பலன் தருவதில்லை. ஆஸ்திரேலியாவில் கேரன் தோர்ப்பும் சகாக்களும் இரண்டு வயதுக்கு மேல் பகல் தூக்கம் பற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2015-இல் பார்த்தபோது, பகல் தூக்கம் இரவில் தாமதமாகத் தூங்குவதோடும் இரவுத் தூக்கத்தின் அளவும் தரமும் குறைவதோடும் சேர்ந்தே வந்தது. குழந்தைக் காப்பகங்களைப் பற்றி அதே வட்டாரத்து ஆய்வாளர்கள் கண்டது இன்னும் நேரடியானது: ஒரு மணி நேரத்துக்கு மேல் எல்லோரும் கட்டாயம் படுத்தே கிடக்க வேண்டும் என்ற விதி உள்ள இடங்களின் பிள்ளைகள் இரவில் குறைவாகத் தூங்கினார்கள். காப்பகத்தில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு வரும் பிள்ளையோடு இரவு பத்து மணிக்கு மல்லுக்கட்டும் பெற்றோர் நிறையப் பேர். காப்பகத்தில் பேசலாம். முக்கால் மணியில் எழுப்பிவிட முடியுமா, தூக்கம் வராவிட்டால் பாயில் உட்கார்ந்து படம் பார்க்கும் புத்தகம் புரட்ட விடுவீர்களா என்று கேட்டால் பலரும் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் மூச்சு விடும் நேரம் என்பதை மறக்காமல் கேட்க வேண்டும்.

வீட்டிலும் ஒரேயடியாக வெட்டிவிட வேண்டியதில்லை. தூங்கும் நாளில் நாற்பது நிமிடத்தில் எழுப்பிவிடுவது ஒரு வழி. ஒரு நாள் தூக்கம், ஒரு நாள் இல்லை என்று போவது இன்னொரு வழி. சில பிள்ளைகள் தாங்களே அப்படித்தான் செய்வார்கள். தூங்காத நாளில் இரவுப் படுக்கையை அரை மணி, முக்கால் மணி முன்னால் இழுக்க வேண்டும். இதுதான் முக்கியம், இதைத்தான் பலரும் தவறவிடுகிறோம். மத்தியானத் தூக்கம் தவறிய இரவில் ஆழ்தூக்கம் கூடுகிறது என்று மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்திருக்கிறார்கள். உடல் தானே ஈடுகட்டப் பார்க்கிறது, நேரத்தை மட்டும் நாம் கொடுத்தால் போதும். இரண்டு மணி நேரம் முன்னால் இழுத்தால் வேலைக்காகாது, தூங்குவது இருப்பதிலேயே கடினம் என்று லவி காட்டிய அந்த நேரத்தில் போய் முட்டிக்கொள்வோம்.

இவ்வளவு தெரிந்த பிறகும், நோட்டைக் கையில் வைத்துக்கொண்டும், நான் இன்னும் ஒரு மாதம் மத்தியானம் அவளைப் படுக்கவைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். ஏன் என்று யோசித்தபோது கிடைத்த பதில் எனக்கே கூச்சமாக இருந்தது. தூக்கம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. எனக்கு வேண்டியிருந்தது, அவள் தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் நான் யாருடைய அப்பாவாகவும் இல்லாமல் இருந்தேன். வேலைக்கான போன்கள், மடிக்காமல் கிடக்கும் துணி, ஒன்றும் செய்யாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது எல்லாமே அதற்குள்தான். மூன்று வருடமாக என் நாள் அந்த ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்குவது அவளுக்கு வளர்ச்சி, எனக்கு நஷ்டம். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, என் நஷ்டத்தை அவளுடைய ஆரோக்கியத்தின் பெயரில் வசூலிக்கப் பார்த்தேன். கைக்குழந்தையும் உள்ள வீடுகளில் இது இன்னும் கொடுமை. இரண்டும் ஒரே நேரத்தில் தூங்கிய பொற்காலம் போய், ஒன்று தூங்க மற்றது கதவைத் தட்டும்.

பிரித்துப் பார்த்த பிறகு தீர்வும் பிரிந்தது. அவளுக்குத் தூக்கம் இல்லை. இரண்டு பேருக்கும் ஓய்வு உண்டு. மத்தியானம் இரண்டே காலுக்கு அமைதி நேரம். தூங்க வேண்டியதில்லை, ஆனால் அவள் அவளுடைய அறையில், நான் என்னுடைய இடத்தில், கதவு திறந்தபடி.

சொல்ல எளிது. முதல் நாள் பத்து நிமிடம்தான் வைத்தேன், அதற்குள் ஏழு முறை வெளியே வந்தாள். காலில் ஏதோ சத்தம் கேட்குது. பொம்மைக்கு மூச்சா வருது. நீ என்ன பண்றேன்னு பாக்க வந்தேன். கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் உண்மை. ஒவ்வொரு முறையும் பேச்சுக் கொடுக்காமல் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். மூன்று வயதுக்கு "ஒரு மணி நேரம்" என்றால் எதுவும் புரியாது. கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஒரு மணற்கடிகாரம் வாங்கி வைத்தோம், மணல் முழுக்க இறங்க பதினைந்து நிமிடம். இரண்டாவது வாரம் அதை ஒரு முறை கவிழ்க்க ஒத்துக்கொண்டாள், அரை மணி ஆயிற்று. அப்புறம் இரண்டு முறை. அந்த நேரத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு கூடை உண்டு: கட்டைகள், ஒட்டும் படங்கள், பழைய சாவிக்கொத்து ஒன்று. மற்ற நேரத்தில் கூடை பரணில். போன் திரையைக் கொடுத்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம்தான், சில நாள் கொடுத்தும் இருக்கிறேன். ஆனால் அணைக்கும்போது வரும் அழுகை, சேமித்த அமைதியை வட்டியோடு எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அமைதி நேரத்தில் சில நாள் தானாகவே தூங்கியும் விடுவாள். காய்ச்சல் வந்து போன வாரத்தில் மூன்று நாள் அப்படி. தூங்கட்டும், முக்கால் மணியில் எழுப்பிவிடலாம்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய சங்கதிகள் சில இருக்கின்றன, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சளி இல்லாத நாளிலும் தினமும் குறட்டை விடுவது, வாயால் மூச்சு விடுவது, தூக்கத்தில் மூச்சு தடைபட்டுத் திணறுவது. இரவில் கால்களை ஓயாமல் உதறிக்கொண்டே இருப்பது; இரும்புச்சத்துக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. இரவில் பத்து, பதினொரு மணி நேரம் நன்றாகத் தூங்கியும் ஐந்து வயதுக்கு மேல் பகலில் தூங்கி வழிவது. நிறுத்தி மாதக்கணக்கான பிறகு, உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே, பகல் தூக்கம் தினமும் திரும்பி வருவது. இவை வளர்ச்சியின் கணக்கில் வராது.

எங்கள் வீட்டில் இப்போது அவளுக்கு நாலு வயது நெருங்குகிறது. மத்தியானத் தூக்கம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தலைகாட்டுகிறது. இரவு எட்டேகாலுக்குள் தூங்கிவிடுகிறாள், அதனால் எனக்கு மத்தியானத்தில் போன ஒன்றரை மணி நேரம் இரவில் திரும்பக் கிடைத்திருக்கிறது; மொத்தமாக இல்லாவிட்டாலும் முக்கால்வாசி. அமைதி நேரம் மூன்று மணல் அளவு நீள்கிறது.

போன வாரம் ஒரு நாள் மணி இரண்டரை இருக்கும். மத்தியானத்தில் வரும் அந்தச் சொக்கலுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டதுதான் காரணம் என்று நினைத்திருந்தேன். சாப்பிடாவிட்டாலும் அந்த நேரத்தில் பெரியவர்களின் உடல் கடிகாரமே கொஞ்சம் தணிகிறதாம். கையில் புத்தகத்தோடு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அப்புறம் நடந்தது தெரியாது. இமையை ஒரு விரல் தூக்கியது. முகத்துக்கு நேரே மணற்கடிகாரம், மேல் பாதியில் இன்னும் நிறைய மணல்.

"இன்னும் மணல் இருக்குப்பா. நீ தூங்கு" என்று சொல்லிவிட்டு, இமையை விட்டுவிட்டு, அவள் அறைக்குப் போய்விட்டாள்.